நோட்டின் வலது பக்கம்

தலைகள் உருளப் போகின்றன என்று ஒருவர் காலை ஒன்பது மணிக்கு, டீயை ஊதிக்கொண்டே, சிரித்த முகமாகச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் "எஸ் சார், எஸ் சார்" என்று ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அதே தலைகளை.

சொன்னவர் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர். வடக்கிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் வராது, எங்களுக்கு இந்தி வராது. அதனால் தினமும் காலை மீட்டிங் இங்கிலீஷில் நடந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்ரோட்டில், லாரிகள் திரும்பித் திரும்பிக் குழியாகிப்போன ஒரு முனையில், தகரக் கூரை போட்ட ஷெட். கார் கதவுக்கு உள்ளே போகிற சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகளை பிரஸ் மெஷினில் அடித்து அனுப்புவோம். நான் அங்கே குவாலிட்டி செக்கர். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரஸ்ஸிலிருந்தும் ஐந்து துண்டு எடுத்து, அளந்து பார்த்து, தாளில் குறிக்க வேண்டும்.

மீட்டிங் முடிந்ததும் எங்கள் லைன் சூப்பர்வைசரைப் பிடித்துக் கேட்டேன்.

"சார், இன்னா சார் சொன்னாரு அவரு? தலை உருளும்னாரே?"

"தப்பு பண்ணவனுக்கு வேலை போவும்னு சொல்றாரு. அதுக்கு இன்னாத்துக்கும்மா உன் மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி?"

வேலை போகும் என்பதை வேலை போகும் என்றே சொன்னால் என்ன? எனக்குக் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான். டிகிரி முடித்தவள் நான். ஆனால் படித்ததெல்லாம் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பரீட்சையில் கட்டுரை எழுதும்போது நடுவில் இரண்டு மரபுத்தொடர் செருகி, அடியில் பென்சிலால் கோடு போட்டால் கூடுதல் மார்க் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது மொத்தம் மூன்று. மழைக்காலக் கட்டுரையிலும் அந்த மூன்றுதான், சுதந்திரப் போராட்டக் கட்டுரையிலும் அந்த மூன்றுதான். கோடு மட்டும் ஸ்கேல் வைத்து நேராகப் போடுவேன்.

அன்று மாலை ரயிலில், சீப்பும் சார்ஜர் ஒயரும் விற்கிறவரிடம் ஒரு மெல்லிய புத்தகம் வாங்கினேன். அன்றாட ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் தமிழ்ப் பொருளும். போனில் தேடினால் எல்லாம் வரும்தான். ஆனால் எனக்குக் கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும். நீள நோட்டு ஒன்றில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ் என்று தினம் பத்து எழுதினேன். காலையில் மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் அந்தப் பத்தையும் ஒப்பித்தாக வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஒப்பிக்க ஆள் வேண்டுமே. எதிர்சீட்டில் எங்கள் அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. என் அப்பாவும் அவர் அப்பாவும் ஒரே ஆளின் கழனியில் கூலிக்குப் போனவர்கள். நாங்கள் இருவரும் ஒரே கேட்டில் பஞ்ச் வைக்கிறோம். ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் அவர் பெர்மனென்ட் ஆபரேட்டர். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்கு வந்து சொன்னதே அவர்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவர். இங்கிலீஷ் எழுத்து கூட்டித்தான் வரும். தமிழ் நன்றாகப் படிப்பார். அதனால் நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் வலது பக்கத்தைப் படிப்பார், நான் இடது பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த அரைமணி நேரம் முழுக்க எங்களுக்கு அதிர்ச்சிதான்.

"செத்துப் போதல்" என்று படிப்பார்.

"கிக் த பக்கெட்" என்பேன்.

"இன்னாது? சாவறதுக்கும் பக்கெட்டுக்கும் இன்னா சம்பந்தம்? எட்டி ஒதைக்கிற தெம்பு கீறவன் எதுக்கு சாவறான்?"

வெளியே தெரியாத குடும்ப ரகசியத்துக்கு அலமாரிக்குள் எலும்புக்கூடு என்று சொன்னபோது அவர் நோட்டையே மடியில் போட்டுவிட்டார். "பீரோவுலயா? துணி வைக்கிற பீரோவுலயா? வெள்ளக்காரன் ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கவே கூடாதுப்பா." பக்கத்தில் நாஷ்டா டப்பாவைத் திறந்து வைத்திருந்த அம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

ஒன்றுக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. விலை மிகவும் அதிகம் என்பதற்கு ஒரு கையும் ஒரு காலும் ஆகும் என்று சொல்வார்களாம். ஆன் ஆர்ம் அண்ட் எ லெக். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பிரஸ்ஸு முன்னாடி நின்னவன் எவனும் இந்த மாதிரி பேச மாட்டான், தங்கச்சி."

இன்னொரு நாள் வலது பக்கத்தில், "கண்டும் காணாத மாதிரி இருத்தல்" என்று வந்தது. டர்ன் எ பிளைண்ட் ஐ. நான் சொன்னதும் அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"இது ஒண்ணுதான் ஒழுங்கா கீது. நம்ம கம்பெனிக்குன்னே எழுதினா மாதிரி கீது."

இருவரும் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் ஒரு சென்சார் உண்டு. ஆபரேட்டரின் கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காது. சென்சார் வேலை செய்கிறது என்பதற்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். ஆறாம் நம்பரில் ஓடுவது பொடித் துண்டு. தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் சென்சார் பிடித்து மெஷினை நிறுத்திவிடும். அப்படி நின்று நின்று போனால் டார்கெட் ஓடாது. அதனால் நெருக்கடியான நாட்களில் சூப்பர்வைசர் தன்னிடம் இருக்கும் சாவியால் சென்சாரை ஆஃப் செய்துவிடுவார். பச்சை விளக்கு அணைந்துவிடும். ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம்.

என் தாளிலும் கடைசி வரிசை ஒன்று இருந்தது. பச்சை விளக்கு எரிகிறதா? ஒன்பது மணியிலிருந்து நான்கு மணி வரை, மணிக்கு ஒரு கட்டம், எட்டுக் கட்டம். அளவு எழுதுகிற கட்டங்களை மணிக்கு மணி ஒழுங்காக நிரப்புவேன், ஏனென்றால் அதை கஸ்டமர் பார்ப்பான். விளக்குக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண், காலையிலேயே எட்டுக் கட்டத்துக்கும் வரிசையாக டிக் போட்டு வைத்துவிடுவாள். வேலை பழகும்போது அதையும் சேர்த்துத்தான் பழகினேன். ஒரே இழுப்பில் எட்டு டிக். பேனாவைத் தூக்கவே வேண்டாம்.

இதற்கிடையில் என் இங்கிலீஷ் ஏறிக்கொண்டே போனது. மீட்டிங்கில் ஒருநாள் துணிந்து ஒரு மரபுத்தொடரை எடுத்து விட்டேன். மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். மறுவாரம் சுவரோரம் நின்றுகொண்டிருந்த எனக்கு மேஜையில் ஒரு நாற்காலி கிடைத்தது. கஸ்டமருக்குப் போகும் மெயில்களை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என் அம்மா யாரைப் பார்த்தாலும், "எங்க பொண்ணு மேனேஜர் கூட இங்கிலீஷ்லதான் பேசுது" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கும் பெருமைதான். "கேள்வி கேட்டது நான்தான், பாதி சம்பளம் எனக்கு" என்று கிண்டல் செய்வார்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி தாண்டி. நான் நான்காம் நம்பரில் துண்டை அளந்துகொண்டிருந்தேன். பிரஸ் ஷாப்பில் சத்தம் இருந்துகொண்டே இருக்கும், காதுக்குப் பழகிவிடும். ஒரு மெஷின் நின்றால்தான் சட்டென்று தெரியும். ஆறாம் நம்பர் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. ஏதோ கணக்குத் தப்பிப்போனதுபோல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

இரண்டு விரல். நடுவிரலும் மோதிர விரலும்.

யார் ஓடினார்கள், யார் துணி கொண்டுவந்தார்கள், எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அவருடைய சாப்பாட்டுப் பை என் கையில் இருந்தது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. மேலே பார்த்தேன். ஆறாம் நம்பரின் விளக்கு எரியவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஹெட் ஆபீசுக்கு உடனே ரிப்போர்ட் போக வேண்டும், நீதான் நன்றாக எழுதுகிறாய், எழுது என்றார். ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆபரேட்டரே சென்சாரை ஆஃப் பண்ணிட்டாருன்னு போட்ரும்மா. கம்பெனிக்குப் பேஜாரு ஆவக்கூடாது இல்ல?"

அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. அது பச்சைப் பொய். சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்ன ஆளின் இடுப்பில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உண்மையை எழுதவும் தைரியம் வரவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நோட்டைத் திறந்த பிறகு எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. சம்பந்தப்பட்ட நபர் பாதுகாப்பு விஷயத்தில் கண்டும் காணாமல் இருந்துவிட்டார் என்று எழுதினேன். டர்ன்ட் எ பிளைண்ட் ஐ. சாவியை யார் திருப்பினார்கள் என்று அந்தத் தொடர் சொல்லாது, அதனால் நான் பொய் எழுதவில்லை என்று ஆயிற்று. ஆபரேட்டர் என்றுகூடப் போடவில்லை. 'கன்சர்ன்ட் பர்சன்' என்று போட்டேன், அது இன்னும் மரியாதையாகத் தெரிந்தது. டார்கெட்டை முடிக்கிற அவசரத்தில் குறுக்குவழியில் போனார், கட் கார்னர்ஸ். கடைசியில் பட்டுத் தெரிந்துகொண்டார், லேர்ன்ட் இட் த ஹார்ட் வே. நான்காவது வரியிலிருந்து எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. பள்ளிக்கூடத்துக் கட்டுரையேதான். கோடு மட்டும் போடவில்லை.

மேனேஜர் படித்துவிட்டு "ஹேட்ஸ் ஆஃப்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்து நாள் கழித்து கையில் கட்டோடு அவர் கம்பெனிக்கு வந்தார். ஆபீசில் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நல்லவேளை வலது கை நன்றாக இருந்தது என்று அங்கே இருந்த கிளார்க் சொன்னார். அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா எழுதியிருக்க தங்கச்சி?"

"நடந்ததைத்தாண்ணா."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேப்பர் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். தூரத்தில் எங்கோ இருக்கிற ஹெட் ஆபீசில் யாரோ படித்து, மார்க் போட்டு, ஃபைலில் வைத்துவிடுவார்கள் என்று.

ஹெட் ஆபீசில் படித்தார்கள். மார்க் போடவில்லை. தொழிலாளியின் அலட்சியத்தால் நடந்த விபத்து என்று உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது, அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டு மெயில் வந்தது. மீட்டிங்கில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் அந்தத் தலை உருளுகிற வாக்கியத்தைச் சொன்னார். இந்த முறை எனக்கு யாரிடமும் பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்குக் குற்றம் சாட்டி சார்ஜ் மெமோ போனது. என்கொயரி வைத்து, குற்றம் நிரூபணமானால் டிஸ்மிஸ். வெளியிலிருந்து ஒரு வக்கீல் விசாரிக்க வருவார் என்றார்கள். தொழிலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அது நான் என்றார்கள். நானும் எஸ் சார் என்று தலையை ஆட்டினேன்.

விரல் போனவனுக்கு வேலையும் போனால் எந்த கேட்டில் போய் நிற்பான்? சிப்காட்டில் எந்த செக்யூரிட்டியும் முதலில் கையைத்தான் பார்ப்பார். அவருடைய மனைவி என்னைத் தெருவில் பார்த்து, "என்கொயரில நீ கூட கீறியாமே, அப்ப ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்கொயரிக்கு முதல்நாள், விபத்து நடந்த தேதியின் தாள்களை எடுத்து வைக்கச் சொன்னார்கள். ஃபைலைப் பிரித்தேன். ஆறாம் நம்பர் பிரஸ், என் கையெழுத்து. கடைசி வரிசைக்கு வந்தேன்.

பச்சை விளக்கு எரிகிறதா? பன்னிரண்டு மணி, டிக். ஒரு மணி, டிக். அந்த மெஷின் பதினொன்றேகாலுக்கே நின்றுவிட்டது. அன்று முழுக்க அதை யாரும் தொடவில்லை. இரண்டு மணி, டிக். மூன்று மணிக்கு அவரை தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள், டிக். நான்கு மணிக்கு நானே ஏசி ரூமில் உட்கார்ந்து அவர் கண்டும் காணாமல் இருந்தார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கும் ஆறாம் நம்பரில் விளக்கு ஒழுங்காக எரிகிறது என்று என் கையெழுத்து சொன்னது. ஒரே இழுப்பில் எட்டு டிக். கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து.

அந்தத் தாளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பேய் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்ததாக ஃபைல் ரூமைக் கூட்டுகிற அக்கா பிறகு சொன்னார். கிழித்துப் போட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் மறைக்க விரும்பவில்லை. கடைசியில் ஃபைலோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என்கொயரி கான்ஃபரன்ஸ் ரூமில் நடந்தது. வக்கீல், டைப் அடிக்க ஒருவர், மேனேஜர், சூப்பர்வைசர், அண்ணன், நான். உங்களுக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"வேணாம் சார். தங்கச்சிதான் கீதே" என்றார் அண்ணன்.

வக்கீல் ரிப்போர்ட்டை எடுத்து என் இங்கிலீஷைச் சத்தமாகப் படித்தார். "த கன்சர்ன்ட் பர்சன் டர்ன்ட் எ பிளைண்ட் ஐ..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், தமிழில் சொல்லுங்கள் என்பதுபோல். எத்தனை முறை ஒப்பித்த தொடர் அது. வரவில்லை.

"கண்டும் காணாத மாதிரி இருத்தல்."

சொன்னது அண்ணன். எல்லோரும் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்காமல், மேஜைமேல் இருந்த தன் இடது கையைப் பார்த்துச் சொன்னார், நோட்டில் எழுதியிருந்த அதே சொற்களில்.

வக்கீலுக்கு ஆச்சரியம். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார். இது மட்டும் தெரியும். ரயில்ல படிச்சது."

வக்கீல் மேலே படித்தார். கட் கார்னர்ஸ் என்ற இடத்தில் அண்ணன், "அவசரத்துக்குக் குறுக்குவழியில் செய்தல்" என்றார். ஹார்ட் வே என்ற இடத்தில், "பட்டுத் தெரிந்துகொள்ளுதல்" என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் இடது பக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் இரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறார்.

பிறகு அவர் வக்கீலிடம் கேட்டார். "சார், ஒரு சந்தேகம். ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் எனக்குத் தெரியுது. இது யாரைப் பத்தி எழுதியிருக்குன்னுதான் புரியல. யாரு சார் கண்டும் காணாம இருந்தது?"

தெரியாமல் கேட்டாரா, தெரிந்தேதான் கேட்டாரா, எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. வக்கீல் என் பக்கம் திரும்பி, "எழுதினது நீங்கதானே? சொல்லுங்கம்மா" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"எழுதினது நீங்க. அது தெரியும். யாரைப் பற்றி?"

"என்னைப் பத்தி சார். கண்டும் காணாம இருந்தது நான்தான்."

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். மேனேஜர் "வாட், வாட்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபைலைப் பிரித்து அந்தத் தாளை வக்கீல் முன்னால் வைத்தேன். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் விரலை வைத்தேன். ஒரு மணி, இரண்டு மணி என்று நான்கு மணி வரை நகர்த்தினேன். சாவி யாரிடம் இருக்கும், எந்த நாட்களில் திரும்பும் என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் டைப் அடிப்பவருக்குக் கேட்டது, அவர் கை நிற்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, இதை இங்கிலீஷில் எப்படிப் போட என்று கேட்டார். ரிப்போர்ட் எழுதினவள் நல்லதாக ஒன்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"ஐ சா. ஐ டிட் நாட் டெல்" என்றேன். பார்த்தேன், சொல்லவில்லை. அவ்வளவுதான் போடச் சொன்னேன்.

டிஸ்மிஸ் நின்றுபோனது. அண்ணனை ஸ்டோரில் போட்டார்கள். சூப்பர்வைசரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். எனக்கு மெமோ வந்தது, மீட்டிங்கில் நாற்காலி போனது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் காலிலேயே நீ சுட்டுக்கொண்டாய் என்று இங்கிலீஷில் சொன்னார். அது நோட்டில் நாற்பதாவது பக்கத்தில் இருக்கிறது. இப்போது மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரஸ் முன்னாலும் போய், தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு டிக் போடுகிறேன். ஒரு மெஷினுக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்த அரை நிமிடம்தான் அத்தனை நாளும் என்னிடம் இல்லாமல் போயிற்று.

அண்ணன் என்னோடு பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மீஞ்சூரில் ஏறி, வழக்கமான எதிர்சீட்டில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து, மூன்று விரல் இருந்த கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். நான் நோட்டை எடுத்து வரவில்லை. அவரும் கேட்கவில்லை. பொன்னேரி வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த என்கொயரில நீ சொன்னது பெரிய விஷயம்தான், தங்கச்சி. என் ஊட்லகூட அதான் சொல்றாங்க" என்றார்.

ரயில் பொன்னேரியை விட்டுக் கிளம்பியது.

"ஒண்ணுதான் எனக்கு மனசுல நிக்குது. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டேன் பாரு, இன்னா எழுதியிருக்கன்னு."

"ஆமாண்ணா."

"அன்னிக்கு நான் தமிழ்லதான கேட்டேன்?"